பலகாரம் சுடும் வீடு: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து இனிப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி பிறக்கும் முன்பு ஒரு முறை, ஐப்பசியில் ஒரு முறை என்று ஆண்டுக்கு இரண்டு முறை என் தொலைபேசிக்கு ஓய்வே இருக்காது. ஓசூரிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கும் எங்கள் வீட்டுப் பெண்கள், புதிதாக வந்த மருமகள்கள், அண்மையில் சில பையன்களும் கூட அழைக்கிறார்கள். பாகை எப்போது இறக்குவது, நோன்புக்கு எத்தனை அதிரசம், துக்க வீட்டுக்கு என்ன எடுத்துப் போவது என்று கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் பிறந்தது பாலக்கோடு பக்கம், வாழ்க்கைப்பட்டது காவேரிப்பட்டணம் பக்கம். இரண்டு வீட்டுப் பழக்கமும் பதில்களில் கலந்திருக்கும். உங்கள் வீட்டில் வேறு மாதிரி செய்தால் உங்கள் வீட்டு முறையே உங்களுக்குச் சரி.

எண்ணெயில் வேகவைப்பதைப் "பலகாரம் சுடுவது" என்று ஏன் சொல்கிறோம்? சுடுவது என்றால் நெருப்பில் வாட்டுவது இல்லையா?

தமிழில் அந்த ஒரு சொல் எல்லா அடுப்புக்கும் போதும். தோசையைக் கல்லில் சுடுகிறோம், வடையை எண்ணெயில் சுடுகிறோம், சோளக்கதிரைக் கனலில் சுடுகிறோம். காக்கை தூக்கிக்கொண்டு போன வடையைப் பாட்டி சுட்டாள் என்றுதான் குழந்தைக்குக் கதை சொல்கிறோம். பேக்கரிக்காரர் ரொட்டி சுடுகிறார் என்றாலும் யாருக்கும் வித்தியாசமாகப் படுவதில்லை. அதனால் இந்தப் பக்கத்தில் அதிரசமும் தேங்காய் பன்னும் அடுத்தடுத்து வருவதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. நம் பக்கத்தில் எண்ணெயே இல்லாமல் நேரடித் தீயில் சுடும் ஓர் இனிப்பும் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவது எப்படி? பெங்களூருவில் அடுக்குமாடியில் இருக்கிறேன், கேஸ் அடுப்பில் செய்யலாமா?

சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர், தருமபுரி என்று காவிரியை ஒட்டிய ஊர்களில்தான் இந்தப் பண்டிகை. தென் மாவட்டத்திலிருந்து வந்த மருமகள்கள் முதல் ஆண்டு இதைப் பார்த்து வியந்துபோகிறார்கள். பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்தது, போர் தொடங்கிய அன்று பிள்ளையாரை வேண்டித் தேங்காய் சுட்டுப் படைத்தார்கள் என்பது எங்கள் ஆயா சொன்ன கதை. பதினெட்டாம் நாள் ஆற்றுக்குப் போய்க் காப்பரிசி வைத்துக் கும்பிடுகிறோமே, அந்த ஆடிப்பெருக்கு வரை ஒரே பண்டிகையாகத்தான் அவர் கணக்கு வைத்திருந்தார்.

அதிகம் முற்றாத, உள்ளே தண்ணீர் ஆடுகிற தேங்காயாகப் பாருங்கள். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் பொறுக்கி எடுக்கலாம். அரசம்பட்டிப் பக்கத்துத் தேங்காய் கிடைத்தால் வேறு தேட வேண்டாம். நார், குடுமி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஓட்டைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். ஒரு சிறு நார் இருந்தாலும் அது முதலில் பற்றிக்கொண்டு புகை வாடை உள்ளே இறங்கிவிடும். இது பிள்ளைகளின் வேலை. நாங்கள் சிறியவர்களாக இருந்தபோது யாருடைய தேங்காய் அதிகம் பளபளக்கிறது என்று போட்டியே நடக்கும்.

மூன்று கண்ணில் மெல்லிய கண்ணைத் துளைத்துத் தண்ணீரை ஒரு டம்ளரில் வடித்து வையுங்கள். பொடித்த வெல்லம், பொட்டுக்கடலை, வறுத்த எள், அவல், வறுத்த பாசிப்பயறு, ஒரு சிட்டிகை ஏலக்காய்த்தூள் ஆகியவற்றைக் கலந்து அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். முக்கால் அளவோடு நிறுத்திவிடுங்கள், அவலும் பயறும் ஊதும். வடித்த தண்ணீரில் பாதியைத் திரும்ப ஊற்றுங்கள். அதன் பிறகு நீளமான அழிஞ்சில் குச்சியின் நுனியைச் சீவித் துளையில் செருகி, ஓட்டுக்கு மஞ்சள் பூசினால் தேங்காய் தயார். அழிஞ்சில் கிடைக்காத ஊரில் வேறு உறுதியான பச்சைக் குச்சி போதும். அரளிக் குச்சியை மட்டும் தொடவே கூடாது, அது நஞ்சு.

தெருவில் காய்ந்த ஓலை, சுள்ளி போட்டுத் தீ மூட்டி, நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்று குச்சியைத் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். அரை மணி நேரம் ஆகும். ஓடு கருகி "பட்" என்று விரிசல் விடும்போது வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதிக்கும் வாசனை வரும். அதுதான் பதம். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், பூரணம் தேங்காயோடு ஒட்டி வெந்திருக்கும்.

அடுக்குமாடியில் கேஸ் அடுப்பின் மேல் பிடித்துச் சுடுவதை நான் விரும்பவில்லை. உள்ளே ஆவி அடைபட்டால் ஓடு தெறிக்கும், கீழே வெல்லம் ஒழுகினால் பர்னர் அடைத்துக்கொள்ளும். மொட்டைமாடியில் ஒரு கரியடுப்பு வைத்து, பெரியவர் ஒருவர் உடனிருந்து செய்யுங்கள். குச்சியைச் சுற்றி நூலளவு இடைவெளி இருக்கட்டும், ஆவி போக வழி வேண்டும். மின்சார ஓவனில் சுட்ட மகள் ஒருத்தி எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். வெந்தது, இனித்தது, ஆனால் அந்தப் புகை மணம் வரவில்லை.

அதிரசமும் கஜ்ஜாயமும் ஒன்றா?

ஒன்றுதான். தருமபுரி, அரூர்ப் பக்கம் அதிரசம் என்பார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி என்று மேற்கே போகப்போகத் தெலுங்கும் கன்னடமும் வீட்டுக்குள் பேசப்படுவதால் கஜ்ஜாயம் ஆகிவிடுகிறது. கொங்குப் பக்கம் கச்சாயம். அதேபோல் சோமாசியைக் கர்ஜிகாய் என்றும், தட்டையை நிப்பட்டு என்றும், போளியை ஒப்பட்டு என்றும் சொல்வதைக் கேட்பீர்கள். திருமணமாகி வந்த பெண் "இதற்கு எங்கள் ஊரில் இப்படித்தான் பெயர்" என்று வாதாட வேண்டியதில்லை, மாமியாரும் திருத்த வேண்டியதில்லை. இரண்டு பெயரும் ஒரே வீட்டில் புழங்கினால் பிள்ளைகள் இரண்டையும் கற்றுக்கொள்ளும்.

அதிரசம் எண்ணெயில் போட்டவுடன் பிரிந்துவிடுகிறது. போன ஆண்டு கல் போல் ஆகிவிட்டது. எங்கே தவறு?

இந்தக் கேள்விதான் ஆண்டுதோறும் முதலிடம். இரண்டுமே பெரும்பாலும் பாகின் தவறுதான்.

ஒரு கிலோ மாவுப் பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது எங்கள் வீட்டு அளவு. அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி மேல் பரப்புங்கள். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், விரித்தால் அரிசி உள்ளங்கையில் ஒட்டிக் கிடக்கக் கூடாது. அந்த நிலையில் மில்லுக்குக் கொண்டுபோய் ஈரமாவாக அரைத்துச் சலித்து, அன்றே பாகில் கிளற வேண்டும். பாக்கெட்டில் வரும் உலர்ந்த அரிசி மாவு இதற்கு உதவாது. அது பாகை உறிஞ்சினாலும் பிடித்து நிற்காது.

வெல்லத்தைச் சிறிது தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பேற்றுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும். பாகை ஒரு சொட்டு அதில் விட்டால் கரையவும் கூடாது, கெட்டியாக உறையவும் கூடாது. விரலால் திரட்டினால் மெத்தென்று ஓர் உருண்டை வர வேண்டும். அந்த நிமிடத்திலேயே அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் பாகில் தண்ணீர் மிஞ்சி அதிரசம் எண்ணெயில் பிரியும். இரண்டு நிமிடம் பிந்தினால் கல் ஆகும். ஏலக்காய், சுக்கு, எள் போட்டு மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறுங்கள். ஒரு கைப்பிடி மாவை எப்போதும் தனியாக எடுத்து வையுங்கள். கிளறி முடித்தபோது கெட்டியான இட்லி மாவு போல் தளர்வாக இருந்தால் பயப்பட வேண்டாம். மேலே நெய் தடவித் துணியால் மூடி ஒரு நாளாவது விடுங்கள், மூன்று நாள் விட்டால் இன்னும் நல்லது. மாவு பாகைக் குடித்துத் தானே இறுகும்.

சுடும் நாளில் முதலில் ஒன்றே ஒன்றைத் தட்டிப் போட்டுப் பாருங்கள். பிரிந்தால், தனியாக வைத்த அந்தக் கைப்பிடி மாவைப் பிசைந்து சேருங்கள். கெட்டியாக இருந்தால் இரண்டு கரண்டி வெதுவெதுப்பான பால் தெளித்துப் பிசைந்து ஒரு மணி நேரம் விடுங்கள். தீ மிதமாக இருக்கட்டும். எடுத்தவுடன் இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயை அழுத்தி வடித்துவிட்டு, ஆறும் வரை ஒன்றன் மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வையுங்கள்.

வெல்லம் பற்றியும் ஒரு வார்த்தை. எலுமிச்சை மஞ்சளில் பளிச்சென்று இருக்கும் வெல்லத்தை நான் வாங்குவதில்லை. நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்னும் வேதிப்பொருள் போடுவதும், எடைக்காகச் சர்க்கரை கலப்பதும் நடக்கிறது. அப்படிக் கலந்த வெல்லத்தின் பாகு ஒரு பதத்தில் நிற்பதும் இல்லை. மண்ணிறமாக, சற்று ஒட்டும் தன்மையோடு இருப்பதை எடுங்கள். பாலக்கோடு பக்கம் கரும்பு ஆட்டும் கொட்டகையில் கொப்பரை இறக்கும் நேரத்துக்கு நாங்கள் இலையோடு போய் நிற்போம். அகப்பையில் ஒரு வீச்சு சூடான பாகு விழும். எனக்குப் பதம் என்றால் என்னவென்று முதலில் தெரிந்தது அந்த இலையில்தான்.

தீபாவளி நோன்புக்கு 21 அதிரசம் என்கிறார்களே, ஏன்? எங்கள் வீட்டில் நோன்பு கிடையாது, புதிதாக எடுக்கலாமா?

கேதார கௌரி விரதம் 21 நாள் இருந்து ஐப்பசி அமாவாசையில் முடிப்பது. இப்போது பெரும்பாலான வீடுகளில் அந்த ஒரு நாள் மட்டும் இருக்கிறார்கள். அந்த 21 நாள் கணக்கில்தான் அதிரசம் 21, வெற்றிலை 21, பாக்கு 21, மஞ்சள் கயிற்றில் முடிச்சு 21. சில வீடுகளில் நோன்புக்கு உரியவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 21 வைப்பார்கள். அண்ணன் தம்பி நான்கு பேர் கூடி எடுக்கும் வீட்டில் எவ்வளவு மாவு வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நோன்பு எங்கள் பக்கம் வழிவழியாக வருவது. மாமியார் எடுத்தால் மருமகள் தொடர்வாள். இல்லாத வீட்டில் புதிதாகத் தொடங்குவதற்கு முன் பங்காளி வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்வதுதான் வழக்கம். எண்ணிக்கைக்கு எடுத்து வைக்கும் அதிரசம் உடையாமல் முழுதாக இருக்க வேண்டும், சுடும்போது சுவை பார்க்கக் கூடாது. அதனால் நான் முதல் ஈட்டில் நோன்புக்கு உரியதை எண்ணித் தனிக்கூடையில் எடுத்து மூடிவிடுவேன், பிறகுதான் பிள்ளைகள் சமையலறைக்குள் வரலாம்.

ஒப்பட்டுக்கு எந்தப் பருப்பு? கிழிந்துபோகாமல் தட்டுவது எப்படி?

தமிழ் வீடுகளில் கடலைப்பருப்பு, ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு, கன்னட வீடுகள் பலவற்றில் துவரம்பருப்பு. யுகாதி அன்று வேப்பம்பூவும் வெல்லமும் வாயில் போட்ட பிறகு இலையில் விழும் முதல் இனிப்பு இதுதான். பருப்பை விரலால் நசுக்கினால் மசியும் அளவுக்கு வேகவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்துவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். புளி, மிளகாய், ஒரு கரண்டி பூரணம் சேர்த்துக் கொதிக்கவிட்டால் ஒப்பட்டுச் சாறு. மறுநாள் சூடு பண்ணிச் சாப்பிட இதைவிட நல்ல ரசம் எனக்குத் தெரியாது.

கிழிவதற்குக் காரணம் மேல்மாவு. மஞ்சள் தூளும் உப்பும் போட்டு மாவைத் தளரப் பிசைந்து, மூழ்கும் அளவு எண்ணெய் விட்டு இரண்டு மணி நேரமாவது ஊறவிடுங்கள். இழுத்தால் ரப்பர் போல் நீள வேண்டும். பூரணத்தில் ஈரம் மிஞ்சியிருந்தாலும் கிழியும், அப்படியானால் வாணலியில் இன்னும் சற்று வதக்குங்கள்.

ரேஷனில் கிடைக்கும் கேழ்வரகில் பண்டிகைக்கு ஏற்ற இனிப்பு ஏதாவது உண்டா? பிஸ்கட் செய்தால் உதிர்ந்துபோகிறதே?

2023-ல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நம் பக்கம் களி தின்று வளர்ந்த மண். பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் கேழ்வரகுக்கும் சாமைக்கும் தனி ரகங்களே உருவாக்கியிருக்கிறார்கள். இருந்தும் விருந்தாளி வந்தால் கேழ்வரகை மறைத்து வைக்கும் பழக்கம் நமக்குள் எப்படியோ வந்துவிட்டது. அதை விட்டுவிட வேண்டும் என்று மனமாரச் சொல்கிறேன்.

சிமிலி செய்யுங்கள். கால் கிலோ மாவில் சிட்டிகை உப்பு போட்டு, வெந்நீர் தெளித்துப் பிசைந்து, தடித்த அடைகளாகத் தட்டிக் கல்லில் இருபுறமும் நன்றாக வேகவையுங்கள். சூடாக இருக்கும்போதே பிய்த்து, 100 கிராம் வறுத்த வேர்க்கடலை, இரண்டு கரண்டி வறுத்த எள், 150 கிராம் வெல்லம் சேர்த்து உரலில் இடியுங்கள். மிக்ஸியில் என்றால் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும், தொடர்ந்து ஓட்டினால் கூழாகிவிடும். கடலையிலும் எள்ளிலும் இருக்கும் எண்ணெயே உருண்டை பிடிக்கப் போதும். பேறுகாலம் முடிந்து தாய்வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு எங்கள் ஆயா இதைத்தான் கொடுப்பார். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, ஆனால் எலும்புக்கு நல்லது என்று தெரியும்.

பிஸ்கட் உதிர்வதற்குக் காரணம், கோதுமையில் இருக்கும் பசைத்தன்மை கேழ்வரகில் இல்லை. பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலந்து, மாவை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துத் தட்டுங்கள். சூட்டோடு தட்டிலிருந்து எடுக்காதீர்கள், ஆறியபின்தான் இறுகும்.

வெல்லம் போட்டால் சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா?

கூடாது. வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரைதான், இரத்தத்தில் அதுவும் ஏறும். வீட்டுப் பெரியவருக்குத் தட்டில் ஒன்று வைக்க ஆசையாக இருந்தால், எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாரியம்மன் திருவிழாவுக்கு மாவிளக்கு இடித்தோம், மறுநாள் புளித்துவிட்டது. ஏன்?

மாவிளக்கு வேகாத பச்சை மாவு. ஊறிய அரிசியும் வெல்லமும் ஈரத்தோடு இருப்பதால் கோடையில் ஒரே நாளில் புளிக்கும். அன்றே இடித்து, அன்றே விளக்கேற்றி, அன்றே பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும். மிஞ்சிய மாவை அடை தட்டிச் சுட்டுவிடலாம், நெய்யில் முறுகலாக வரும்.

இறப்பு நடந்த வீட்டில் அந்த ஆண்டு பலகாரம் சுடக் கூடாதா? நாங்கள் பக்கத்து வீடு, கொடுத்தால் தவறாக நினைப்பார்களா?

அந்த ஆண்டு அந்த வீட்டில் பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதன் பொருள் அந்த வீட்டுப் பிள்ளைகள் வெறும் வாயோடு இருக்க வேண்டும் என்பது இல்லை. சட்டி வைக்காத வீட்டுக்குச் சட்டி வைத்த வீடுகள்தான் கொடுக்க வேண்டும். சம்பந்தி வீட்டார், நாத்தனார், பக்கத்து வீட்டார் என்று ஒவ்வொருவரும் ஒரு தூக்கு கொண்டுபோய் வைப்பார்கள்.

என் மாமனார் இறந்த ஆண்டு தீபாவளிக்கு முந்திய நாள் மாலை எங்கள் வீட்டு அடுப்பு சும்மா கிடந்தது. தெருவெல்லாம் எண்ணெய் வாசனை. என் மகனுக்கு அப்போது ஆறு வயது, வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். இருட்டும் நேரத்தில் எதிர்வீட்டுப் பெரியம்மா வந்தார், பேச்சே இல்லை, ஒரு தூக்கை அவன் மடியில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஒரு மணி நேரத்தில் மேலும் நான்கு வீடுகளிலிருந்து வந்தது. அவன் இன்றைக்கும் எதிர்வீட்டு முறுக்குதான் முறுக்கு என்கிறான்.

ஆகவே தயங்காதீர்கள். தட்டில் அலங்கரித்து, மேலே பூ வைத்துக் கொண்டு போக வேண்டாம், தூக்கிலோ டப்பாவிலோ போதும். "பண்டிகை வாழ்த்து" என்று சொல்ல வேண்டாம். பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து வாருங்கள்.

கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் அக்கம்பக்கத்திலிருந்து பலகாரம் வருகிறது. திருப்பி என்ன கொடுப்பது?

வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது, அவ்வளவுதான் விதி. அன்று வீட்டில் ஒன்றும் இல்லை என்றால் ஒரு பிடி சர்க்கரையோ இரண்டு வாழைப்பழமோ போட்டுக் கொடுத்தால் போதும். உங்கள் பண்டிகை வரும்போது முதல் தூக்கு அவர்களுக்குப் போகட்டும்.

தருமபுரி மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997-ல்தான், ஆனால் கோவிலூர், எலத்தகிரி போன்ற ஊர்களின் கிறிஸ்தவக் குடும்பங்கள் அதற்குப் பல தலைமுறை முந்தியவை. அந்த வீடுகளின் கிறிஸ்துமஸ் தட்டில் கேக்குக்குப் பக்கத்தில் அதிரசம், முறுக்கு, அச்சுமுறுக்கு, கலகலா எல்லாம் இருக்கும். ஓவன் இல்லாத நாளில் பெரிய பாத்திரத்தின் அடியில் மணல் பரப்பி, அதன் மேல் கேக் தட்டை வைத்து மூடி, மூடியின் மேல் தணல் போட்டுச் சுடுவார்கள். என் பள்ளித் தோழியின் அம்மா அப்படிச் சுட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மேலும் கீழும் சம சூடு வர எத்தனை தணல் துண்டு என்று அவருக்குக் கணக்கு இருந்தது. கிருஷ்ணகிரியில் உருது பேசும் வீடுகளிலிருந்து ரம்ஜான் காலையில் வரும் ஷீர் குர்மாவை ஆறவிடாதீர்கள். சேமியா பாலைக் குடித்துக் கெட்டியாகிவிட்டால் கொஞ்சம் சூடான பால் ஊற்றிக்கொள்ளலாம்.

பேக்கரி இனிப்பைப் பலகாரத் தட்டில் வைக்கலாமா? மாமியார் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்.

சாமிக்குப் படைக்கும் தட்டில் வேண்டாம், அங்கே மாமியார் சொல்வதே சரி. வந்தவர்களுக்கு நீட்டும் தட்டில் வைப்பதில் என்ன தடை? பெங்களூருவில் அய்யங்கார் பேக்கரிகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டன. ஹாசன் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் முட்டை இல்லாமல் கேக்கும் ரொட்டியும் சுடக் கற்றுக்கொண்டு நடத்தியவை. பெங்களூரு ஓசூருக்கு 40 கிலோமீட்டர்தான். தேங்காய் பன்னும் தில்பசந்தும் நம் பக்கம் பஸ் ஏறி வந்து வெகு நாள் ஆகிறது. தேங்காய் பன்னைப் பிட்டு உள்ளே பாருங்கள், தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய். நம் கர்ஜிகாய்ப் பூரணத்துக்கு ஒட்டிய உறவு. இதை என் மாமியாரிடம் காட்டிய பிறகுதான் அவர் ஒரு துண்டு வாயில் போட்டார்.

வேலைக்குப் போகிறேன். எல்லாவற்றையும் கடையில் வாங்கினால் என்ன?

வாங்குங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் ஒன்றையாவது வீட்டில் சுடுங்கள். ஒரே ஒரு சட்டி, அரைக் கிலோ மாவு, பொரி உருண்டை ஆனாலும் சரி. வீட்டில் பண்டிகை என்பது பிள்ளைக்கு வாசனையில்தான் தெரியும். ஆண்பிள்ளைகளையும் அடுப்படியில் உட்கார வையுங்கள், அழுத்தி எண்ணெய் வடிக்கிற வேலையும் உருண்டை பிடிக்கிற வேலையும் அவர்களுக்கு நன்றாகவே வரும்.

வாங்குவதென்றால் முதலில் கால் கிலோ வாங்கிச் சுவைத்துப் பார்த்துவிட்டு மொத்தமாகச் சொல்லுங்கள். மகளின் தலைதீபாவளிச் சீருக்கு ஒரு முறை நேரம் இல்லாமல் நகரத்துக் கடை ஒன்றில் பார்க்காமலே ஐந்து கிலோ சொல்லிவிட்டோம். பழைய எண்ணெய் வாடை. சம்பந்தி வீட்டார் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அந்த மனக்குறை இன்னும் ஆறவில்லை.

எது எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும்.

கடலை உருண்டையும் எள்ளுருண்டையும் ஒரு மாதம். முறுக்கும் நிப்பட்டும் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று வாரம். நன்றாக எண்ணெய் வடித்த அதிரசம் பத்து நாளுக்கு மேல் தாங்கும். பருப்பு ஒப்பட்டு இரண்டு நாள், சுழியமும் கொழுக்கட்டையும் அன்றைக்கே. பச்சைத் தேங்காய் சேர்ந்த எதையும் இரவுப் பஸ்ஸில் அனுப்பாதீர்கள்.

அம்மா போய்விட்டார். அவர் அளவு எதையும் எழுதி வைக்கவில்லை. அந்தச் சுவையை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

இந்தக் கேள்வியை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், மூன்று முறையும் எனக்குத் தொண்டை அடைத்தது.

முதலில் அவர் அளந்த பாத்திரத்தைத் தேடுங்கள். பித்தளைப் படி, ஆழாக்கு, நெளிந்த ஒரு டம்ளர், எதுவாகவும் இருக்கலாம். படியும் வள்ளமும் ஊருக்கு ஊர் வேறுபடும், அதனால் புத்தகத்தில் இருக்கும் கணக்கை நம்பாமல் அந்தப் பாத்திரத்திலேயே அரிசியை நிரப்பித் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வெல்லத்தையும் அப்படியே. பிறகு அவரோடு சேர்ந்து சுட்டவர்களைக் கேளுங்கள்: சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா. "எவ்வளவு போடுவார்" என்று கேட்டால் "கண்ணளவுதான்" என்பார்கள். "பாகை எந்தக் கிண்ணத்தில் விட்டுப் பார்ப்பார், அடுப்பு எப்படி எரியும், சுக்கா ஏலக்காயா, எள் கருப்பா வெள்ளையா" என்று கேட்டால் பதில் வரும்.

கால் கிலோவில் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மாற்றம் மட்டும் செய்து, தேதி போட்டு எழுதுங்கள். எங்கள் அத்தை போன பிறகு அவருடைய கஜ்ஜாயத்துக்காக நான் நான்கு தீபாவளி இப்படி முயன்றேன். கடைசியில் தெரிந்தது, அவர் மாவில் ஒரு பழுத்த வாழைப்பழத்தைப் பிசைந்து போடுவாராம். என் நாத்தனார் அதைச் சொல்ல நினைத்ததே இல்லை, எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள் என்று எண்ணியிருந்தாராம்.